பதினாறு முகங்களில் ஒன்று

டாக்டரம்மா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும், மேட்டுக்காட்டில் விதைத்த சாமை மாதிரி ஏறியும் இறங்கியும் நிற்கின்றன. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் கோட்டின் மேல் உட்கார என் எழுத்துகளுக்கு இன்னும் பழகவில்லை. இந்த நாலு வரிக்கே காலைப் பொழுது போய்விட்டது. விரல் வலிக்கிறது. ஆனால் எழுதி முடித்த வரியை விரல் வைத்து நானே படித்துப் பார்க்கிறேன். நான் மனசில் நினைத்தது அப்படியே தாளில் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் தாங்காமல் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். எழுபதை எட்டப் போகிறவனுக்கு இப்படி ஒரு குதிப்பு வரும் என்று யார் நினைத்தார்கள்.

உங்களை டாக்டரம்மா என்று கூப்பிடக் கூடாது என்று எத்தனையோ தடவை சொன்னீர்கள். "நான் டாக்டர் இல்ல ஐயா, பேசி வைத்தியம் பாக்குற ஆளு" என்பீர்கள். எனக்கு வாயில் வந்தது இதுதான். இப்போது கையிலும் இதுதான் வருகிறது.

பக்கத்தில் உங்கள் நோட்டு இருக்கிறது. திறந்தால் புளி வாசனை அடிக்கிறது. இரண்டு வருஷமாகப் பரணில், புளிப் பானைக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தேன். எலிக்குப் பயந்து அல்ல. வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் என் முகம் சுடுகிறது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். எழுத வருகிறது என்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொன்னதுதான். பெண் கேட்டுப் போனால், பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று, "இன்னா காரியமா வந்தீங்க?" என்று கேட்பார். எல்லாருக்கும் தெரிந்த காரியம்தான். ஆனாலும் மாப்பிள்ளையின் தகப்பன் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து, ஊர்க்காரர்கள் காதில் விழும்படி பதில் சொல்ல வேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு ஆள் சொன்னால் அதுவே பேச்சாகிவிடும்.

என் மூத்த மகனுக்குப் பெண் கேட்டுப் போன அன்று, அந்தக் கேள்வி வருவதற்கு முன்னாலேயே நான் கொல்லைப் பக்கமாக இறங்கிச் சாமைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். சட்டை முழுக்க வேர்வை. என் மச்சான் எழுந்து, "மாமாவுக்கு ஜுரம்" என்று சொல்லிவிட்டு அவரே பதிலும் சொன்னார். காரியம் முடிந்தது. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "சின்னவனுக்குப் பொண்ணு கேக்கப் போறப்ப உங்களுக்கு இன்னா ஜுரம் வரப்போவுது?" என்று கேட்டாள்.

சின்னவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "உங்க நெஞ்சு கல்லு மாதிரி கீது, கடைசி ரூமுக்குப் போங்க" என்றார். அந்தக் கடைசி ரூமில் புதன்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது நீங்கள்.

"உக்காருங்க ஐயா. இன்னா பண்ணுது?"

நான் உங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"ஒண்ணும் பண்ணாததுக்கா இவ்ளோ தூரம் நடந்து வந்தீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம் என்று அப்போது தெரியாது.

மூன்றாவது புதன்கிழமைதான் சாமைக் காட்டுக் கதையைச் சொன்னேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றேன். நீங்கள் இரக்கப்பட்டு ஏதாவது சொல்வீர்கள் என்று இருந்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"அன்னைக்கு உங்களுக்கு எதிர்ல உக்காந்திருந்தவரு இன்னா கலர் சட்டை ஐயா?"

எனக்குத் தெரியவில்லை.

"பக்கத்துல இருந்தவரு?"

தெரியவில்லை.

"சட்டையே தெரியல. சிரிச்சது மட்டும் எப்டித் தெரிஞ்சது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு வரும்வரை கோபம் போகவில்லை. ஆனால் மறுநாள் மாட்டுக்குத் தழை அறுக்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்தால் என் கண் யாரையும் பார்ப்பதில்லை. என் கை நடுங்குகிறதா, என் குரல் இழுக்கிறதா என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எப்போதாவது வெளியே போனால், கூட்டத்தில் முறைத்த முகம் எதுவோ அதில் போய் ஒட்டிக்கொள்கிறது.

அதற்குத்தான் அந்தப் பெரிய செல்போனைக் கையில் கொடுத்தீர்கள். அதில் பதினாறு முகங்கள் வரும். பதினைந்து முறைக்கும், ஒன்று சிரிக்கும். சிரிக்கிற முகத்தை விரலால் தொட வேண்டும். தொட்டதும் எல்லாம் மாறி வேறு பதினாறு வரும். முதல் நாள் ஒரு முகத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு மீசைக்காரனிடமே நின்றுவிட்டேன்.

"இவன் எங்க மச்சான் மாதிரியே கீறான் டாக்டரம்மா. இன்னாத்துக்கு இப்டி மொறைக்கிறான்?"

"அவரு மொறைச்சிக்கினு கெடக்கட்டும் ஐயா. அவருக்குப் பதில் சொல்ற வேலை நமக்கு இல்ல. சிரிக்கிறவரு எங்கன்னு பாருங்க."

அதோடு ஜன்னலைத் திறந்து வைத்துச் சத்தம் கேட்கும் பயிற்சி. பஸ் சத்தம் மட்டும், பிறகு காக்கா மட்டும், பிறகு ஆஸ்பத்திரி ஆயா துடைப்பம் போடுவது மட்டும். பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவ வேண்டும். கடைசியில் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காட்டில் பிறந்தவனுக்குக் காது வைத்துக் கேட்கச் சொல்லித் தருகிறீர்களே என்று கிண்டல் செய்தேன். "காட்டுல நல்லாத்தான் கேக்குறீங்க. கல்யாண வூட்ல கேக்க மாட்டேன்றீங்களே" என்றீர்கள்.

இன்னொரு பக்கம் இந்த நோட்டு. இடது பக்கம், நடக்கும் என்று நான் நினைப்பது. வலது பக்கம், நடந்தது. எனக்கு எழுதத் தெரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினீர்கள். கண்ணுக்கு ஒரு பயிற்சி, நினைப்புக்கு ஒரு பயிற்சி, இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"நெனப்ப மட்டும் மாத்தினா, கூட்டத்துல கண்ணு பழைய எடத்துக்கே போவுது. கண்ண மட்டும் திருப்பினா, நெனப்பு இழுத்துக்கினு வந்துடுது. நீங்க ஒத்த மாட்டுல ஏர் ஓட்டுவீங்களா?"

மாட்டைச் சொன்னால் எனக்குப் புரியும் என்று கண்டுபிடித்திருந்தீர்கள்.

இப்போது இந்த நோட்டை நானே படிக்கிறேன். நான் பேசினதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். டீக்கடைப் பக்கத்தை மட்டும் பத்துத் தடவை படித்திருப்பேன். இடது பக்கம்: "ஒரு கையால டம்ளரப் புடிச்சா கை நடுங்கும். டீ கொட்டும். கடையில கீறவங்க எல்லாம் திரும்பிப் பாத்து சிரிப்பாங்க." வலது பக்கம்: "டாக்டரம்மா சொன்னாங்கன்னு வேணும்னே கொட்டினேன். ஒருத்தரும் திரும்பல. கடைக்காரர் துணி போட்டுத் தொடச்சிட்டு, இன்னொண்ணு போடவான்னாரு. பக்கத்துல ஒக்காந்தவரு பச்சைக் கட்டம் போட்ட சட்டை."

அந்தப் பச்சைக் கட்டத்தைச் சொன்னபோது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினீர்கள். வயசான ஆளுக்கு, டீ கொட்டினதற்குக் கைதட்டல். வீடு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு நாள் எழுதாமல் தள்ளிப் போட்டேன்.

அன்று ஜமுனாமரத்தூரில் சந்தை. சின்னவனுக்குப் பேசிய பெண்ணின் தகப்பன், இன்று எனக்குச் சம்பந்தி, தன் பங்காளிகள் இரண்டு பேரோடு வந்திருந்தார். மண்வெட்டிக் கடையின் பக்கத்தில் நின்றோம். அவர்கள் பேச, நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. உடனே நீங்கள் சொல்லித் தந்ததைச் செய்தேன். முதலில் சத்தம். வெங்காயக்காரர் கூவுவது, கல்லில் அரிவாள் தீட்டுவது, ஓர் ஆடு கத்துவது. பிறகு முகங்கள். சந்தை முழுக்க முகம். வெயிலில் எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சிரிக்கிற முகம் எங்கே என்று தேடினேன். அத்தனை கூட்டத்தில் என் கண் நேராக அதில் போய் நின்றது. அவ்வளவு வேகமாக நான் செல்போனில்கூடக் கண்டுபிடித்தது இல்லை.

தேன் விற்கிறவர் பக்கத்தில், கையில் பையோடு, அது உங்கள் முகம்.

புதன் அல்லாத நாளில் நீங்கள் மலைக்கு வந்து நான் பார்த்ததில்லை. கையைத் தூக்கி, "ஐயா! நல்லா இருக்கீங்களா?" என்று கூப்பிட்டீர்கள்.

"உங்களத்தான் கூப்பிடுறாங்க. யாரு?" என்றார் சம்பந்தி.

"தெரியாது. வேற யாரயோ கூப்பிடுறாங்க" என்றேன்.

பங்காளி ஒருவர் எட்டிப் பார்த்தார். "அது ஆஸ்பத்திரியில கடைசி ரூம் அம்மா ஆச்சே. மூளை கொழம்பினவங்களுக்குப் பாக்குறவங்க. உங்கள எப்டித் தெரியும்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெண் போய்விடும், சின்னவனின் கல்யாணம் என்னால் நின்றுபோகும் என்று தோன்றியது. நீங்கள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தீர்கள். அப்போது நான் வாயைத் திறந்து, கடைக்காரர் வரைக்கும் கேட்கிற மாதிரி, "சந்தையில போற வர்றவங்கள எல்லாம் கூப்பிடுது. பாவம், மொதல்ல அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும் போலக் கீது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர்கூடச் சிரித்தார். கூட்டத்தில் நான் பேசி மற்றவர்கள் சிரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா, உங்களை "அது" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை என்னை ஐயா என்றவரை.

நீங்கள் நின்றீர்கள். "மன்னிச்சிக்கங்க, ஆள் மாறிப்போச்சு" என்றீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சம்பந்தியைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் உங்களுக்கு யாரோ என்று அவர் நம்ப வேண்டும் என்பதற்காக. தேனை வாங்காமலே திரும்பிப் போனீர்கள். பங்காளி என் தோளில் தட்டி, "பெரியவர வாயில்லாத ஆளுன்னு சொன்னாங்க, பரவாயில்லயே" என்றார்.

அடுத்த புதன்கிழமை நான் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. மாடு, மழை, புளி உலுக்குவது என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

பெண் கேட்கும் நாள் வந்தது. "இன்னா காரியமா வந்தீங்க?" என்று சம்பந்தி கேட்டார். நான் எழுந்தேன். கால் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். பின்னால் ஒரு குழந்தை டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மூலையில் ஒரு கிழவர் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்தேன். சம்பந்தி கட்டியிருந்த தலைப்பாகை காவி நிறம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட விழுங்கவில்லை. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் கேட்டார். "இன்னா மாமா, எங்க கத்துக்கினீங்க இப்டிப் பேச?"

"கத்துக்கறதுக்கு இன்னா கீது? எனக்குப் பேச்சு எப்பவும் வரும். பேசறதில்ல, அவ்ளோதான்" என்றேன்.

அப்போதும் உங்களைச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாரமே கடைசி ரூமுக்கு நடந்தேன். உங்களிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஆயா வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமைதானே இன்னைக்கு?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா பெரியவரே? அந்தம்மா தவறிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தாங்களாம், எழுந்திருக்கல. கீழ, அவங்க ஊரு சந்தவாசல்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. மாசம் ஒண்ணாவுது."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், இந்த நோட்டை எடுத்து வந்தார். "நீங்க வந்தா குடுக்கச் சொன்னாங்க. படுக்கறதுக்கு முந்தின வாரம், இங்க ஒக்காந்துதான் கடைசியா இன்னாவோ எழுதினாங்க."

திறந்து பார்த்தேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் மை புதிதாக இருந்தது. இடது பக்கமும் வலது பக்கமும் உங்கள் எழுத்து. எனக்கு அது எறும்பு போன தடம். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். மருமகளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படித்தால் கடைசி ரூம் தெரிந்துவிடும், சந்தையில் நான் செய்ததும் தெரிந்துவிடும். அதனால்தான் புளிப் பானைக்குப் பின்னால் போனது உங்கள் நோட்டு.

ஒன்றரை வருஷம் அந்தப் பானையைப் பார்த்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். நல்லது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அல்ல. இன்னொருவர் கண்ணில் படாமல் உங்கள் நோட்டைப் படிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அங்கே போனால் பதினான்கு பெண்கள், நான் ஒருவன் ஆண். முதல் நாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்ச் சாக்பீஸை இரண்டு விரல் நுனியால் தூக்கினேன். "தாத்தா, சாக்பீஸு இன்னா பாம்பா? அப்டிப் புடிக்கிறீங்க" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே ஆட்டு மணியைக் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். கேலி செய்தவள் மஞ்சள் சேலை. அவள் சிரிப்பில் விஷம் இல்லை. நானும் சிரித்துவிட்டு ஓர் எழுத்தைப் போட்டேன். பலகையில் அது தனியாக நின்றது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம், டாக்டரம்மா, நீங்கள் இருந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பீர்கள்.

நோட்டை எடுக்க எட்டு மாதம் பொறுத்தேன். போன மாதம், வீட்டில் எல்லாரும் காட்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், பரணில் ஏறி எடுத்தேன். வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி, பொழுது சாயும்வரை படித்தேன்.

இடது பக்கம், நீங்கள் நினைத்தது: "சந்தையில் ஐயாவைப் பார்த்துக் கூப்பிட்டால் சந்தோஷப்படுவார்."

வலது பக்கம், நடந்தது: "பயந்துபோனார். என்னிடம் வருகிறவர்களை வெளியில் பார்த்தால் அவர்களாகப் பேசும்வரை நான் பேசக் கூடாது. அது தெரிந்தும் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது. நேரில் சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா."

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு: "ஆனால் கூட்டத்தில் சத்தமாகப் பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் தடவை. நல்ல முன்னேற்றம்."

நான் என்ன பேசினேன் என்று எழுதவில்லை நீங்கள். அதை விட்டுவிட்டு, முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோழிகள் காலைச் சுற்றி வந்தன, எழுந்து அவற்றுக்கு இரை போட எனக்குத் தெம்பு இல்லை. நான் வராத அந்தப் புதன்கிழமைகளில், நீங்களும் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் காத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

போன வாரம் சந்தவாசலுக்கு இறங்கினேன். நல்ல புளியாகப் பார்த்து, கொட்டை எடுத்து, துணியில் கட்டிக் கொண்டுபோனேன். மாதா கோயில் தெருவில் உங்கள் வீட்டை விசாரித்தேன். உங்கள் அம்மா குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாகச் சுவரில் உங்கள் படம் தெரிந்தது. சிரிக்கிற முகம்.

"யாருங்க? இன்னா வேணும்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. உங்க பொண்ணுதான் எனக்கு வைத்தியம் பாத்தவங்க. மலையிலிருந்து இறங்கும் வழியில் நூறு தடவை சொல்லிப் பார்த்த வரி. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். என் வாயிலிருந்து வந்தது, "மலையிலேர்ந்து வர்றேன். புளி. புதுப் புளி" என்பதுதான்.

உங்கள் அம்மா கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "மலைப் புளியா? எம் பொண்ணு வாராவாரம் மலைக்குத்தான் போய்ட்டு வருவா. அங்க இன்னாதான் செய்யறன்னு கேட்டா, அது அவங்கவங்க சமாச்சாரம்மான்னுடுவா. ஒரு பேர் சொல்ல மாட்டா. செத்தப்புறம் மலையிலேர்ந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல பெரியவரே. அவ்ளோ தூரம் அலைஞ்சாளே, யாருக்காவது ஒதவுச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

ஒதவுச்சு என்ற ஒரு வார்த்தை போதும். கட்டை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, "யோவ் பெரியவரே, காசு வாங்காம போறீரே!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்துப் பெண்கள் சிரித்தது கேட்டது. நான் ஓட்டமாக நடந்தேன்.

மலையேறும் பஸ்ஸில் உங்கள் கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டேன். உங்கள் அம்மா என்ன நிறச் சேலை கட்டியிருந்தார்? தெரியவில்லை. எதிரில் நின்று அவ்வளவு பேசினார், எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் நான் அவரைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் என் கையையும் என் நெஞ்சையும்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

"வர்ற வாரம் சந்தவாசல்ல ஒரு வூட்டுக்குப் போணும். கூட வர்றீங்களா?" என்றேன்.

"யாரு வூடு?"

"போற வழியில சொல்றேன். அதச் சொல்லத்தான் உங்களக் கூப்பிடுறேன். ஒரு நாளு சந்தையில உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொய்ய வழியில சொல்லிக்கலாம். எத்தினி மணி பஸ்ஸு?" என்றார். அவர் துண்டு நீலக்கரை போட்டது. பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதியதற்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. நேற்று அதில் என் கையால் இடது பக்கம் எழுதினேன். "உண்மையைச் சொன்னால் சம்பந்தி பாதி வழியில் இறங்கிப் போய்விடுவார். டாக்டரம்மாவின் அம்மா புளியை என் முகத்தில் எறிவார். குழாயடியில் எல்லாரும் சிரிப்பார்கள்." அவ்வளவு எழுத ஒரு நாள் ஆனது. உங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து அசிங்கமாகத்தான் இருக்கிறது. நோட்டை இன்று புளிப் பானைக்குப் பின்னால் வைக்கவில்லை. ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறேன். மருமகள் பார்த்துவிட்டு, "யார் நோட்டு மாமா?" என்று கேட்டாள். "என்னுது" என்றேன்.

வலது பக்கத்தை இந்த வாரம் சந்தவாசலிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். உங்கள் அம்மா என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்பதுதான் முதல் வரி.